கடல் சேற்றுக்கு ஒரு கம்பளி

கடல் சேற்றைச் சுத்தம் செய்வது எப்படி என்று பேச ஒரு கூட்டம். அதை நடத்த அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் நுவரெலியா. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் உள்ளூர்க்காரரே யோசித்துத்தான் கை காட்டவேண்டிய மலை உச்சி அது. கொழும்பில் வைத்தால் புழுக்கத்தில் பெரியவர்கள் தூங்கிவிடுவார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அழைப்பைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்த அந்தக் குழுதான், எந்தக் கரையில் என்ன வைத்தியம் செய்வது என்று முடிவு செய்யப் போகிறது. அந்த முடிவில் எங்கள் ஓடையும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். எழுபதுகளின் கடைசி அது, ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்த காலம்.

நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் ஓடையில் ஊர்ச் சாக்கடை, மீன் கொட்டகைக் கழிவு, படகு எண்ணெய் எல்லாம் கலந்து, அடியில் கிடக்கும் சேறு மையாகக் கறுத்துவிட்டது. கூமுட்டை நாற்றம். அதில் இறங்கி மட்டி பொறுக்கிப் பிழைக்கிற பெண்களுக்குக் காலெல்லாம் புண். சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். மண்ணடித்து மூடி மேலே சிமெண்ட் போட்டுவிடலாம், நாற்றமும் போகும், இடமும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். மட்டியும் போகும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, நான் சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை.

என் வைத்தியம் வேறு. மூச்சுவிடக் காற்றில்லாததால்தான் அந்தச் சேறு அழுகுகிறது. துருக்கல்லைப் பொடித்துக் கலந்தால் அது நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே கொஞ்சம் வெடியுப்பு போட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் காற்றுக்குப் பதிலாக அதை வைத்து மூச்சுவிட்டு, அழுக்கைத் தின்று தீர்க்கும். அந்த நுண்ணுயிர்களை ஓடையின் வாய்ப்பக்கம் இன்னும் கெடாமல் கிடந்த சேற்றிலிருந்து எடுத்துப் பானையில் வளர்த்தேன். எங்கள் ஊர் வெயிலில் ஒரு வாரத்துக்குள் கறுப்புச் சேறு பழுப்பாகி வாடையும் போய்விடும். கிளம்புகிற அன்று மருந்தைக் கலந்தால், கூட்டத்தன்று குழுவின் கண்ணெதிரே மாறி நிற்கும். எல்லாக் கணக்கும் சரியாகத்தான் போட்டேன். குளிரை மட்டும் சேர்க்கவில்லை. தூத்துக்குடியில் பிறந்தவளுக்குக் குளிர் என்பது புத்தகத்தில் வருகிற சங்கதி.

இரண்டு கண்ணாடி ஊறுகாய் ஜாடி. ஒன்றில் வெறும் சேறு, மற்றதில் மருந்து போட்ட சேறு. சேற்றைத் தோண்டிக் கொடுத்தவள் பாக்கியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, எப்படியோ எங்கள் ஓடைக்கரையில் வந்து ஒண்டிய குடும்பம். அவளுடைய அக்கா ரோஸ்லின் இன்னும் லிந்துலையில் ஒரு தோட்டத்தில் டீச்சர். நான் தங்கப்போவது அங்கேதான். அக்காவுக்கென்று சீலாக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாக்கியம் சொன்னாள்.

"நல்ல சேதியோட வாங்கக்கா. ஒரு தடவ கெளப்பி விட்டாங்க, வந்துட்டேன். இந்த ஓடையையும் மூடிட்டா நான் மறுபடி எங்க போவேன்?"

ஜாடியின் வாயைத் துணியால் கட்டினேன். இறுக்கி மூடினால் உள்ளே இருக்கிற வாயு வெடித்துவிடும்.

அக்கரையில் சுங்கக்காரர் ஒருவர் ஜாடியைத் தட்டிப் பார்த்து என்ன இது என்றார். சேறு என்றேன். இந்தியாவிலிருந்தா என்றார். ஆமாம் என்றேன். ஏன், எங்கள் நாட்டில் சேறு இல்லையா என்று கொஞ்சம் மனம் புண்பட்டுக் கேட்டார். துணியை விலக்கிக் காட்டினேன். அதற்கப்புறம் என் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. வெடியுப்பு என்ற வார்த்தையை அங்கே உச்சரிக்காமல் இருக்கிற புத்தியை அன்றைக்கு எனக்கு யார் கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வருஷக்கணக்காக அந்தச் சேற்றோடு மாரடித்து என் மூக்கு மரத்துப்போய்விட்டது. அந்த வாயுவின் குணமே அது, நாறும், நாறி முடித்ததும் மூக்கைத் தூங்கப் போட்டுவிடும். ஆகையால் மலை ரயிலில் என்னைச் சுற்றி நடந்தது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. எதிரே ஒரு சிங்களத் தாத்தாவும் அவர் மனைவியும். பக்கத்தில் நானுஓயாவில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், தலவாக்கலை வந்ததும் இறங்கச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். லிந்துலைக்கு அங்கேதான் இறங்க வேண்டும். தாத்தாவும் பாட்டியும் என்னைப் பார்த்துப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். என்னவாம் என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் நெளிந்தார்.

"அந்தம்மாவுக்கு வயித்துல ஏதோ பெரிய கோளாறு போல, பாவம், தனியா வேற வந்திருக்காங்கன்னு சொல்றாங்கம்மா."

எனக்குச் சுருக்கென்றது. வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, நாறுவது அறிவியல் என்று சொல்லி, மொழிபெயர்க்கச் சொன்னேன். அவர் என்ன மொழிபெயர்த்தாரோ, பாட்டி கண் கலங்கி ஒரு துண்டு இஞ்சியை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, புருஷனை இழுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வடைக்காரர் வாசலிலேயே நின்று திரும்பினார். கொஞ்ச நேரத்தில் கடைக்காரரும், காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அந்தப் பெட்டியில் ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடந்தது. ஆக, ஊரே நின்றுகொண்டு போகிற ரயிலில் நான் மட்டும் காலை நீட்டிச் சீமாட்டியாகப் பயணம் செய்தேன்.

தலவாக்கலை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வெளியே ஒரே பனிமூட்டம். சொல்லவேண்டியவர் எந்தப் பெட்டியிலோ ஒளிந்திருந்து நானுஓயாவில் இறங்கிப் போயிருக்கிறார். டிக்கெட் பார்க்கிறவர் வந்து, மூக்கை முழங்கையால் மூடிக்கொண்டு, என் டிக்கெட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இறங்கியபோது பெயர்ப்பலகையில் பட்டிப்பொல என்றிருந்தது. பல் தந்தியடித்தது. சேலையை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது சேலையாகத்தான் இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர், நல்ல மனுஷன். பிளேன் டீ கொடுத்து, கடித்துக்கொள்ளக் கித்துள் என்கிற கூந்தற்பனைக் கருப்பட்டி ஒரு துண்டும் கொடுத்தார். எங்கள் உடன்குடிக் கருப்பட்டி இதைவிட ஒரு படி மேல்தான் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது துண்டையும் வாங்கித் தின்றேன். ஜாடிகளை மட்டும் பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் வைக்கச் சொன்னார். வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். வழியெல்லாம் முத்து முத்தாகக் குமிழி விட்டுக்கொண்டு வந்த மருந்துச் சேறு, கல்லாக உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழி இல்லை. என் நுண்ணுயிர்கள் குளிரில் வேலையை நிறுத்திவிட்டன. ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வயிற்றைக் கலக்கியது. இப்போது அந்தப் பாட்டி பார்த்திருந்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும்.

கீழே போகிற ரயிலைப் பிடித்து, பஸ் மாறி, லிந்துலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ரோஸ்லின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சட்டென்று ஒரு அடி பின்னால் போனாள். பிறகு, தங்கச்சி ஊரிலிருந்து வந்தவளாயிற்றே என்று மறுபடியும் வந்து கட்டிக்கொண்டாள். கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

காரணம், அவள் புருஷன் அந்தோனிமுத்து. தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியின் டீமேக்கர். பறித்த கொழுந்து தூளாகி மூட்டையாகிற வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. அவர்கள் குவார்ட்டர்ஸ் ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளுமாம். அதனால் அந்த வீட்டில் கருவாடு கூடாது, காற்று ஃபேக்டரிப் பக்கம் அடித்தால் வெங்காயம் வதக்கக் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. "கல்யாணத்தன்னைக்கு மட்டும்தான்க்கா மல்லிகப்பூ வச்சேன்" என்றாள் ரோஸ்லின். ஒரு தடவை மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதென்று கொழும்பிலிருந்து மூட்டைகள் திரும்பி வந்ததாம். அதிலிருந்து மனுஷன் தன் மூக்கை நம்பித்தான் உயிர் வாழ்கிறார், ஊரும் அந்த மூக்குக்குப் பயந்துதான் வாழ்கிறது.

சாயங்காலம் அவர் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே, வீட்டுக்குள் எது செத்தது என்று கேட்டார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். ஜாடிகளைப் பார்த்ததும் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது. விருந்தாளி என்பதால் கோபத்தை விழுங்கிக்கொண்டு, மிஸ் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், அதுகள் இருக்கக் கூடாது என்றார். கடைசியில் காய்கறிப் பாத்திக்கு அந்தப் பக்கம், பேரிக்காய் மரத்தடியில் வைக்க அனுமதி கிடைத்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அதையும் கொடுத்தார். இது எந்த ஓடைச் சேறு, எதற்கு, என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சை எடுத்தாலே மூக்கைப் பொத்தினார்.

மறுநாள் காலையில் ஜாடிகள் மேல் பனி பூத்துக் கிடந்தது. மருந்துச் சேறு அதே கறுப்பு. உங்க ஆளுங்க பெரட்டுக்கு வரலையா அக்கா என்று ரோஸ்லின் கேட்டாள். பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்து வேலை பிரிப்பது. சிரிக்கத்தான் கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். இது மாறாவிட்டால் ஓடையை மூடிவிடுவார்கள், பாக்கியத்துக்குப் போக்கிடம் இல்லை என்றதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டு அடுப்படியில் வைத்தால் புருஷன் வீட்டையே காலி செய்துவிடுவார். கதகதப்பான இடமாக வேறு எது இருக்கிறதென்று யோசித்தபடி சுற்றிப் பார்த்தேன். எதிரே, எல்லா ஜன்னலிலிருந்தும் வெதுவெதுப்பான காற்றை விட்டுக்கொண்டு, ஃபேக்டரி நின்றது.

ஆமாம், போனேன். தேயிலையைப் பற்றி அத்தனையும் கேட்டபிறகும் போனேன். ஒரு மூலையில், சாக்கைச் சுற்றி, யாருக்கும் தெரியாமல் வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. மருந்து ஜாடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனேன். இன்னும் பத்தடி இருக்கும்போதே அந்தோனிமுத்து உள்ளேயிருந்து வந்து, இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"மிஸ், உள்ள ஒரு வார உழைப்பு காயுது. நீங்க இன்னும் ஒரு அடி வச்சீங்கன்னா, கொழும்புல அதக் குடிக்கிறவன் உங்க ஊரு ஓடையத்தான் குடிப்பான்."

உள்ளே கொழுந்து அரைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கல்லூரியில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பெண்கள் முகத்தில் நான் பார்த்திருக்கிற களை அன்றைக்கு என் முகத்தில் இருந்திருக்கும். ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தேன். அவர் ஆளைவிட்டு நான் நின்ற இடத்தைக் கழுவச் சொன்னது காதில் விழுந்தது.

அவமானத்தில் எங்கே போகிறேன் என்று தெரியாமல் லயத்துப் பக்கம் போய்விட்டேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற இடம். பின்னால் ஒரு மாட்டுக்கொட்டில். அதன் பக்கத்தில் எருக்குவியல் ஒன்று, அந்தக் குளிரில் புகைந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தேன். அது புகையில்லை, ஆவி. உள்ளே நுண்ணுயிர்கள் சாணியைத் தின்று சூடு கிளப்பிக்கொண்டிருக்கின்றன. இதைத்தான் வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் கேட்கிறேன். நான் கேட்கிற கேள்விக்கு நானே முட்டை வாங்கியிருக்கிறேன் என்று நினைத்ததும் தானாகச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரிக்கிற என்னை ஒரு பெண் கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் காளியம்மா. கொழுந்து பறிக்கிறவள், அந்த மாடும் எருவும் அவளுடையவை. ஜாடியை எருவுக்குள் புதைக்க வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. சாணிக்குள்ள வைக்கிறதுக்கு அது நாறுனா என்ன, மணந்தா என்ன என்றாள். எடுக்கும்போது குவியலைக் கலைக்கக் கூடாது, லீக்ஸ் பாத்திக்கு வைத்திருக்கிற எரு என்பது மட்டும்தான் அவள் நிபந்தனை. மழையில் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போகிற தன் பழைய கம்பளியை, ஜாடிக்குச் சுற்றிக்கொள்ளக் கொடுத்தாள். அன்று பெய்த மழையில் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதனால் சாயங்காலம் வரை அடுப்புக்கு மேலே கொடியில் காயப் போட்டோம்.

அந்த அடுப்பைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னொன்று தோன்றியது. ரோஸ்லினிடம் போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டதும், அங்கே ஒளித்து வைத்திருந்த கருவாட்டைப் பாடப்புத்தகப் பைக்குள் மறைத்துக்கொண்டு, திருட்டுத்தனமாக வந்து சேர்ந்தாள். காளியம்மா தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி தட்டினாள். தொட்டுக்கொள்ள அம்மியில் சம்பல் அரைத்தாள். தணலில் சீலாவைப் போட்டதும் எழுந்த புகை கூரை முழுக்க அடைத்தது. மரத்த என் மூக்குக்கே லேசாக எட்டியது. ரோஸ்லின் ஒவ்வொரு விள்ளலையும் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இதைக் காய வைத்தது பாக்கியத்தின் கை என்று நடுவில் ஒரு தடவை சொன்னாள். எங்கள் ஊரில் இதே கருவாட்டை நான் எத்தனையோ நாள் முகம் சுளித்து ஒதுக்கியிருக்கிறேன். அன்று காளியம்மா வைத்த கடைசித் துண்டுக்கு ரோஸ்லினோடு போட்டி போட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் காய்ந்த கம்பளியை ஜாடிக்குப் பச்சைப் பிள்ளைக்குச் சுற்றுவதுபோலச் சுற்றி எருவுக்குள் இறக்கினோம். ரோஸ்லின் வீட்டுக்குப் போகுமுன் குழாயடியில் நின்று ஒரு சோப்பை உரசித் தீர்த்தாள், கொய்யா இலையை மென்று துப்பினாள். வாசலில் அந்தோனிமுத்து அவளைப் பார்த்து, என்ன இன்னைக்குச் சோப்பு கூடப் போச்சே என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொண்டோம்.

மறுநாள் ஜாடியை எடுத்துப் பார்த்தபோது குமிழி வந்திருந்தது. அதற்கடுத்த நாள் ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு. கூட்டத்துக்கு முந்தின நாள் ஜாடி முழுக்கப் பழுப்பு, டீத்தூளைக் கரைத்துவிட்ட மாதிரி. நான் காளியம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவள் மாட்டைத்தான் கட்டிப்பிடிக்க வேண்டும், சாணி போட்டது அதுதான் என்றாள்.

கூட்டத்தன்று ஃபேக்டரிக்கு ஒரு பெல்ட் வாங்க அந்தோனிமுத்து விறகு லாரியில் நுவரெலியா போக வேண்டியிருந்தது. ரோஸ்லின் கெஞ்சியதில் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஜாடிகள் பின்னால், விறகுக்கு மேலே. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அதே கம்பளியைச் சுற்றியிருந்தேன். திரும்பி வரும்போது ஜாடிகள் வரக் கூடாது என்று வழியில் இரண்டு தடவை சொன்னார். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யத்தான் மண்டபத்துக்குள்ளும் வந்து, கதவோரமாக நின்றார்.

மண்டபத்தில் இருந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு நாட்டுக் கடற்கரையிலிருந்தும் வந்த பெரியவர்கள் இரவல் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விடாமல் ஜலதோஷம். தலைவர் கொழும்புச் சிங்களவர், கழுத்தில் மப்ளர், சிவந்த மூக்கு. பேச்சுக்கு நடுவில் தும்மலா, தும்மலுக்கு நடுவில் பேச்சா என்று தெரியவில்லை. சென்னை இன்ஜினியர் படங்களை மாட்டி, எங்கள் ஓடையின் மேல் சிமெண்டையும் அதன் மேல் ஒரு பஸ் ஸ்டாண்டையும் அழகாக வரைந்து காட்டினார். பிறகு என் முறை. இரண்டு ஜாடியையும் மேஜையில் வைத்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஜினியர் எழுந்தார். துருப்பொடியைப் போட்டுக் கலக்கினால் எந்தச் சேறும் பழுப்பாகத்தான் தெரியும், வாடை போயிருக்கிறதா, அதுதானே கேள்வி என்றார். நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு எரிச்சல். முகர்ந்து பாருங்கள் என்று ஜாடிகளைச் சுற்றுக்கு விட்டேன். ஒவ்வொருவராக மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிற அந்தக் கறுப்புச் சேற்றைத் தலைவர் நிதானமாக முகர்ந்துவிட்டு, அப்படியொன்றும் மோசமில்லையே அம்மா என்றார். கெட்ட சேறே நாறாவிட்டால் நல்ல சேற்றை வைத்து நான் எதை நிரூபிக்க? என் மூக்கோ எப்போதோ செத்தாயிற்று. பாக்கியத்தின் முகம் கண்முன் வந்தது.

அப்போது தலைவர், கதவோரம் நிற்கிற அவர் மட்டும் ஏன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டார்.

எல்லாரும் திரும்பினோம். அந்தோனிமுத்து கைக்குட்டையால் முகத்தை மூடி, தண்ணீர் வழிகிற கண்ணோடு நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் குளிருக்குப் பழகிய மூக்கு அது ஒன்றுதான். அவர் ஒரு டீமேக்கர் என்றேன். அந்த வார்த்தைக்கு அந்த நாட்டில் இருக்கிற மதிப்பை அன்றுதான் பார்த்தேன், தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அவரைக் கூப்பிட்டார். இவர் மாட்டேன் என்று தலையாட்டினார். இதை முகர்ந்தால் சாயங்காலம் தேயிலை பார்க்க மூக்கு உதவாது என்றார். நான் பக்கத்தில் போனேன்.

"இது பாக்கியம் கையால தோண்டிக் குடுத்த சேறுங்க. அவ பொழைக்கிற ஓடை."

என்னையே பார்த்தார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

அதற்கப்புறம் நடந்தது ஒரு பூசை மாதிரி. கை கழுவத் தண்ணீர் கேட்டார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெந்நீரால் வாய் கொப்பளித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இன்ஜினியர்தான் ஜாடிகளை இடம் மாற்றி, கம்பளியைப் போட்டு மூடி, வாய் மட்டும் தெரியும்படி வைத்தார். அந்தோனிமுத்து கண்ணை மூடியபடி வந்து முதல் ஜாடியின் மேல் குனிந்து, டீ உறிஞ்சிப் பார்ப்பவர்கள் போல ஒரே இழுப்பு இழுத்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார். இருமினார். இது செத்துப்போன சேறு என்றார். ஜன்னலுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். இரண்டாவதை நிதானமாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

இது சாகவில்லை, மழை விட்டபிறகு கிளம்புகிற மண்வாசம் என்று சிங்களத்தில் சொல்லி, எனக்காகத் தமிழிலும் சொன்னார். சாணி வாடை இருக்கிறது, ஆனால் அது ஜாடிக்குள் இல்லை, கம்பளியில் என்றார். சரிதான் என்று நான் தலையாட்டினேன். அவர் நகரவில்லை. மூக்கு இன்னும் எதையோ தேடியது.

"அப்புறம், கம்பளியில சீலாக் கருவாடு. பொரிச்சதில்ல. தணல்ல சுட்டது."

இன்ஜினியர் அதைப் பிடித்துக்கொண்டார். சேற்று ஜாடியில் கருவாடு எங்கிருந்து வந்தது, இல்லாத வாடையை முகர்கிற மூக்கை எப்படி நம்புவது என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கருவாடு இல்லை என்றால் ரோஸ்லின் பிழைப்பாள், ஓடை போய்விடும். உண்டு என்றால் ஓடை பிழைக்கும், ரோஸ்லின் கதி அவ்வளவுதான். இப்படியொரு தர்மசங்கடம் வேதியியல் படித்தவளுக்கு வருமென்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இருந்ததுங்க என்றேன். நான் கொண்டுவந்த கருவாடு. அந்தக் கம்பளி காய்ந்த அடுப்பில்தான் சுட்டோம், நானும் இன்னும் இரண்டு பேரும். அந்தோனிமுத்து கூரையைப் பார்த்தார். தலைவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, யாரோ முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது. மூச்சு வந்ததும், டீமேக்கர் அவர்களே, இந்தச் சேற்றைப் பற்றி ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார்.

"ஃபேக்டரிக்குள்ள விடமாட்டேன், சார். வாசல் வரைக்கும் விடலாம்."

அந்த வாசலில் என்ன மரியாதை கிடைக்கும் என்று பட்டுத் தெரிந்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைவருக்கும் அதன் எடை தெரிந்திருக்கிறது. ஓடையை மூடுகிற வேலையை நிறுத்தி வைப்பது, அம்மாவின் மருந்தை ஒரு வருஷம் போட்டுப் பார்ப்பது என்று அங்கேயே முடிவானது. இன்ஜினியர் வந்து கைகொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்றார்.

திரும்பும்போது லாரி நானுஓயாவைத் தாண்டியது. பிறகு அந்தோனிமுத்து ரோட்டைப் பார்த்தபடி, ரெண்டு பேர்னா காளியம்மாவும் ரோஸ்லினும் என்றார். ஆமாங்க என்றேன். அன்றைக்கே தெரியும், சோப்புக்கு மறைகிற வாசமா அது என்றார். கொஞ்ச தூரம் போனதும், எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல என்றார். குரலில் நிஜமான வருத்தம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இறங்கப் போகும்போதுதான் அதைக் கேட்டார்.

"பாக்கியம் தெனமும் அந்த மொத ஜாடிக்குள்ளதான் நிக்குதா, மிஸ்?"

முழங்கால் வரைக்கும் என்றேன். அன்று அவர் ஃபேக்டரிக்குப் போகவில்லை. கம்பளியைக் காளியம்மா துவைத்து மாட்டுக்குப் போர்த்திவிட்டாள்.

நான் கிளம்பிய அன்று, ஈயத்தாள் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு தாள் சுற்றி, மெழுகு வைத்து ஒட்டிய தேயிலைப் பொட்டலம் ஒன்று கொடுத்தார். பாதி பாக்கியத்துக்கு. மீதி என் வேலைக்கு. உங்க மூக்குதான் செத்துப்போச்சே மிஸ், ஓடைக்கரையில ஒரு தட்டுல இதை விரிச்சு ராத்திரி முழுக்க வையுங்க, காலையில ஊத்திக் குடிச்சா ஓடை எப்படி இருக்குன்னு அதுவே சொல்லும் என்றார். அடுத்த முறை கருவாடு அனுப்பினால் கொஞ்சம் கூடுதலாக அனுப்பச் சொல்லிவிட்டு, ரோஸ்லினுக்குத் தெரியாமல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, விறுவிறுவென்று போய்விட்டார்.

ஊருக்கு வந்து மருந்து போட ஆரம்பித்த புதிதில் அதைச் செய்து பார்த்தோம். ஒரு வாய் குடித்த பாக்கியம் ஓடிப்போய்த் துப்பினாள். சில மாதம் கழித்துத் துப்பவில்லை, முகத்தைச் சுளித்து விழுங்கினாள். வருஷம் முடிகிற சமயம், குழுவிலிருந்து ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், கரையில் விரித்து வைத்திருந்த தேயிலையை அள்ளிக் கொதிக்கவைத்து, இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு அவளே வந்தாள். எனக்கு வாயில் வைக்கப் பயம். நீ குடித்துச் சொல் என்றேன். அவள் ஓடையில் கணுக்கால் நனைய நின்றபடி ஊதி ஊதிக் குடித்தாள். பாதி குடித்துவிட்டு நிமிர்ந்தாள். என்ன வாசம் அடிக்கிறது என்று கேட்டேன்.

"தேத்தண்ணிதான்க்கா அடிக்குது. சீனிதான் கொஞ்சம் கம்மி."